கை படாத வண்டி

நான்காவது முறை சாவியைத் திருப்பியபோதும் ஜீப் உறுமியதே தவிரப் பிடிக்கவில்லை. பின்பக்கக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்து கொட்டகை முழுக்க நிறைந்தது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கொழுந்தன் சாவியை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த அந்தக் காலையில் அவனுக்கு மட்டும் வியர்த்தது.

அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். வீட்டு முன்னறையில், பெட்டிக்குள், அவள் புருஷன் படுத்திருந்தார். நேற்று மதியம் போன உயிர். கடைசி மூன்று மாதம் அவர் படுக்கையில் கிடந்தார். அவர் கிடந்ததால் ஜீப்பும் கொட்டகையில் கிடந்தது.

ஒன்பது மணிக்கு எடுக்க வேண்டும். இடுகாடு மலைமேல். கீழிருந்து வரும் வேன் பாதி வழியில் நின்றுவிடும். அதற்கு மேல் சேறும் கல்லும்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றுதான் ஏறும். போதாக்குறைக்கு, "என் வண்டியிலதான் போவேன்" என்று அவரே சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஊரில் அவருக்கு 'ஒரு திருகு' என்றுதான் பெயர். எவ்வளவு குளிரானாலும் சாவியை ஒரு திருகுதான் திருகுவார், வண்டி பிடித்துக்கொள்ளும். இருபத்தாறு வருஷத்தில் தன் வண்டிமேல் ஒருத்தன் கை வைத்துத் தள்ளியதில்லை என்று கல்யாண வீட்டில் சொல்வார், துக்க வீட்டில் சொல்வார், கடைசியில் ஊசி போட வந்த டாக்டரிடமும் சொன்னார். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் அதில் ஒரு சொல் பொய் கிடையாது. வலி எடுத்தவளோ, கால் முறிந்தவனோ, யார் வந்து கதவைத் தட்டினாலும் அடுத்த ஐந்தாவது நிமிஷம் வண்டி மலையிறங்கிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் உயிரோடு திரிகிற பாதிப்பேர் அந்த ஒரு திருகால் பிழைத்தவர்கள். மனுஷன் பெருமையடித்துக்கொண்டார் என்றால் அதற்கு யோக்கியதை இருந்தது.

அந்தப் பெருமையைச் சீண்ட ஓர் ஆள் இருந்தார். எதிர்வீட்டு லாரிக்காரர். தன் லாரியை எப்போதும் சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டே கிளப்புகிறவர். "என்னைக்காவது ஒருநாள் உன் வண்டி பின்னாடி நான் கை வைக்கத்தான்டா போறேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். இன்று விடிந்ததும் முதல் ஆளாக வந்து, தன் லாரி பேட்டரியைக் கழற்றி ஜீப்புக்கு மாட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

"தங்கச்சி," என்றார், குரலை இறக்கி. "பேட்டரி நல்லாத்தான் சுத்துது. இனிமே தள்ளுறதுதான் வழி. வாசல்ல இருந்து இறக்கம்தானே, நாலு பேர் கை வச்சா பிடிச்சுக்கும்."

"வேணாம்ண்ணே."

"அவனே போயிட்டான். இனிமே இதுல என்ன இருக்கு?"

"அவர் இல்லாதப்பதான்ண்ணே தள்ளக் கூடாது. இருந்தா அவரே உங்களுக்குப் பதில் சொல்லிப்பாரு."

மகள் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அம்மா, பிடிவாதம் பிடிக்காதே. எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. தள்ள வேணாம்னா தோள்ல தூக்கிட்டுப் போயிடலாம்."

"சேத்துல ரெண்டு பேர் வழுக்கி விழுந்து, உங்கப்பாவைக் கீழ போடவா? சும்மா இரு."

கொழுந்தனுக்கு அவமானமாக இருந்தது. இரண்டு சக்கர வண்டிகளுக்கு மெக்கானிக் அவன். பெட்ரோல் வண்டி என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுவான்.

"டீசல் எனக்கு அவ்வளவா பழக்கமில்ல அண்ணி. குளிருல டீசல் கட்டியிருக்குமோன்னு ஃபில்டர் மேல வெந்நீர் ஊத்திப் பாத்துட்டேன். இன்ஜினைச் சூடாக்குற ஹீட்டர் லைட்டும் ஒழுங்கா எரிஞ்சு அணையுது. அணைஞ்சதும்தான் திருப்புறேன்."

அவள் புகையைப் பார்த்தாள். யாராவது வண்டி கிளம்பவில்லை என்று வந்து நின்றால், அவர் முதலில் போய் நிற்பது பின்பக்கக் குழாயிடம்தான். அதைச் சாப்பிடும்போது அவளிடம் விலாவாரியாகச் சொல்வார். அவளும் ரசத்தை ஊற்றியபடி கேட்டதாகப் பேர் பண்ணிக்கொண்டிருப்பாள். கேட்கவும் செய்திருக்கிறாள் போல.

"டீசல் போகுது தம்பி. போகலைன்னா புகையே வராது. இப்படி வெள்ளையா வந்தா அரிசி உலையில இருக்கு, அடுப்புதான் எரியலன்னு சொல்வாரு. சூடு பத்தல."

"லைட்டு அணைஞ்சா சூடு ஏறிடுச்சுன்னு அர்த்தம் அண்ணி."

"எவ்வளவு நேரத்துல அணையுது?"

"ரெண்டு விநாடி."

ரெண்டு விநாடியா? அவர் ரெண்டு விநாடியில் என்றைக்கு வண்டியை எடுத்தார்?

இருபத்தாறு வருஷம் அடுப்படி ஜன்னல் வழியாக அவள் கேட்ட சத்தம் அது. வண்டிக் கதவு அறைந்து சாத்திக்கொள்ளும். அப்புறம் அவர் குரல்: "ஏம்மா, என்ன வாங்கிட்டு வரணும்?" அவள் சொல்ல ஆரம்பிப்பாள். பாதியில் "வேற?" என்பார். இன்னும் சொல்வாள். நல்ல குளிர் நாளில் மூன்று "வேற?" கூட வரும். அதன் பிறகுதான் அந்த ஒரு திருகு. சாயங்காலம் கையை வீசிக்கொண்டு வருவார். தொண்டை வற்றச் சொன்னதில் ஒன்றுகூட வந்திருக்காது. இதற்காக அவர்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமா? கோடையில் மட்டும் அவர் கேட்கவே மாட்டார். சரி, புத்தி வந்து விட்டுவிட்டார் என்று நினைப்பாள். குளிர் தொடங்கியதும் மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

அவள் பட்டியல் சொல்லி முடிக்கிறவரை அவர் கை எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "இறங்குங்க தம்பி," என்றாள்.

அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அவர் உடம்புக்குப் பள்ளம் விழுந்திருந்த மெத்தையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒயர்கள். ஒரு துணி. அதற்கும் பின்னால், வட்டமாக, வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள்.

வீட்டு அழைப்பு மணியின் சுவிட்ச். நடுவில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. மகள் சின்ன வயதில் வைத்தது. ரிப்பேர் பார்க்கிறேன் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் கழற்றிக்கொண்டு போனது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் எந்தச் சுவிட்ச் இருந்து தேய்ந்ததோ. அன்றிலிருந்து வாசற்கதவு ஓரத்தில் இரண்டு ஆணி ஓட்டைதான். அன்றிலிருந்து அவள் பட்டியலில் கடைசியாக அதுவும் சேர்ந்துகொண்டது. கேட்கும்போதெல்லாம், "அடடா, மறந்துட்டேன்ம்மா" என்பார், பால் மணம் மாறாத முகத்தோடு.

"பாவி மனுஷா," என்றாள். வாசலில் நின்றவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

சாவியைப் பாதி திருப்பி, சுவிட்சை அழுத்திப் பிடித்தாள். பானெட்டுக்குள் 'டக்' என்றது. முன்பலகை விளக்குகள் மங்கின.

"அண்ணி, இப்பதான் கரண்ட் இழுக்குது," என்றான் கொழுந்தன். "அந்த லைட்டு சும்மா பேருக்கு எரிஞ்சிருக்கு. எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

அவளுக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்றுதான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. நிற்கட்டும் என்று ஆரம்பித்தாள்.

"உப்பு," என்றாள். "சோப்பு. தீப்பெட்டி ரெண்டு."

நிறுத்தினாள். அந்த இடத்தில் ஒரு குரல் வர வேண்டும்.

"வேற?" என்றாள் மகள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போர்வைக்குள் சுருண்டு கிடந்தபடி பள்ளிக்கூட நாட்களெல்லாம் அதைக் கேட்டு விழித்தவள் அவள்தானே.

"வெங்காயம். தைக்கிற ஊசி. வெள்ளை நூல்."

"வேற?"

"சக்கரை. உனக்கு நோட்டு."

மகள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் போலவே கொஞ்சம் இழுத்துக் கேட்டாள். "வேற...?"

"காலிங் பெல் சுவிட்ச்," என்றாள் அவள். சாவியைத் திருகினாள்.

ஒரு திருகு. வண்டி குலுங்கியது, இரண்டு தடவை இருமியது, பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, குழாய் வாயில் காற்று மட்டும் நடுங்கியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தாறு வருஷம் அவர் அடித்துக்கொண்ட பெருமை மொத்தமும் அந்த நிமிஷம் அவளுடையதாக இருந்தது. அதில் தன் வெங்காயத்துக்கும் ஊசிக்கும் பங்கு உண்டு என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஒன்பது மணிக்குப் பெட்டியைப் பின்னால் ஏற்றினார்கள். கொழுந்தன் ஓட்ட, அவள் முன்னால் உட்கார்ந்தாள். மகள் பின்னால், பெட்டியைப் பிடித்தபடி. ஆண்கள் வண்டிக்குப் பின்னே நடந்து வந்தார்கள்.

மேட்டின் கடைசி வளைவில் சேறு அதிகம். சக்கரங்கள் ஒரு சுற்று வீணாகச் சுழன்றன. வண்டி ஒரு சாண் பின்வாங்கியது. கொழுந்தன் பதறி, நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கிற குட்டி லீவரைப் பக்கத்தில் தேடினான்.

அவள் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். லாரிக்காரர்தான் வண்டிக்கு மிக அருகில் வந்துகொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் அவருடைய இரண்டு கைகளும் வண்டியை நோக்கி உயர்ந்தன. பின்னால் வந்தவர்களும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். லாரிக்காரர் திரும்பி அவர்களை ஒரு முறை முறைத்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

லீவர் சரியான இடத்தில் விழுந்தது. நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்தன. வண்டி தன் பாட்டுக்கு ஏறியது. கண்ணாடியில் லாரிக்காரர் சேற்றில் தடுமாறித் தடுமாறி வந்தார். மேலே போய்ச் சேரும்வரை கையை வெளியே எடுக்கவில்லை.