எந்த வரி, மிஸ்?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஆதாரம் மிஸ்'. மொழிப்பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பாள். "அவருக்குக் கோபம், மிஸ்" என்று எழுந்து சொன்னால் மட்டும் போதாது. "எந்த வரி? ஆதாரம் காட்டு" என்பாள். அவள் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டும். விரல் நின்றுவிட்டால் அந்தப் பிள்ளை தூங்குகிறது என்று அர்த்தம். இப்படியே ஓட்டி ஓட்டி, எதற்கெடுத்தாலும் வரி கேட்கும் ஒரு கூட்டத்தையே வளர்த்து வைத்திருந்தாள். வீட்டில் அதுகள் என்ன பாடு படுத்துகின்றனவோ, பெற்றவர்களுக்குத்தான் வெளிச்சம்.

போன மாதம் அவள் கணவன் செத்துப்போனான். லிஃப்ட் மெக்கானிக். காலையில் சாவிக்கொத்தைக் காணோம் என்று கத்திவிட்டுப் போன மனுஷன், வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை.

அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றுகூடக் கேட்டுத் தொலைத்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி இருந்தது. கிள்ளுவது தெரிகிறது, வலிக்கத்தான் இல்லை. ஊர் சும்மா இருக்குமா? "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று காதுபடவே பேசினார்கள். நரம்பில்லாத நாக்கு, எப்படி வேண்டுமானாலும் வளையும். அவள் கண்டுகொள்ளவில்லை.

மகள் பேசியதுதான் வேறு. மகளும் அதே ஏழாம் வகுப்பு. பள்ளியில் 'மிஸ்', வீட்டில் 'அம்மா'. கணவனின் அக்கா வெளியூரிலிருந்து வந்தவள், "கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டுமே. அங்கேயே ஸ்கூல்ல சேர்த்துடறேன்" என்று பேச்சுவாக்கில்தான் சொன்னாள்.

"நான் வரேன் அத்தை" என்றாள் மகள், பட்டென்று.

"அம்மாவைத் தனியா விட்டுட்டா?"

"இந்த வீட்ல அப்பா செத்தது எனக்கு மட்டும்தான் தெரியும்போல இருக்கு."

அப்போதாவது இவள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டாமா? ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த பெரிய பையை இறக்கி, தூசி தட்டி மகள் கையில் கொடுத்தாள். என்ன ஜென்மமோ! ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகளும் போய்விட்டால் அந்த வீட்டில் தனக்கென்று மிச்சம் எதுவும் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். தெரிந்தது வாய்வரைக்கும் வரவில்லை. சனிக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு நாத்தனார் ஊருக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு தையல்காரரைப் பற்றிய பத்தி. அண்ணனும் தம்பியுமாகக் கடை நடத்துகிறார்கள். தம்பி இறந்துபோகிறான். மறுவாரமே அண்ணன் கடையைத் திறந்து பொத்தான் தைக்கிறார். 'தையல்காரருக்கு வருத்தம் உண்டா? ஆதாரத்துடன் விளக்குக' என்பது கேள்வி.

"வருத்தமே இல்ல மிஸ்" என்றான் கடைசி பெஞ்சு வாயாடி. "ஒரு வரியிலயும் அவர் அழல. கல்லா கட்டறதிலேயே குறியா இருக்காரு."

வகுப்பு சிரித்தது. மகள் சிரிக்கவில்லை, குனிந்தபடியே இருந்தாள்.

"அழுதாத்தான் வருத்தமா? அவர் என்ன செய்யறாருன்னு கவனிங்க. சொல்லாததையும் படிக்கத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, அவள் பத்தியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். விரல்கள் ஓடின.

"தம்பியின் கத்தரிக்கோலை அவர் தொடவே இல்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. வாசலில் கிடந்த செருப்பையும் எடுக்கவில்லை, அதைச் சுற்றியே பெருக்கினார். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய கை, அளவு குறையவில்லை. மீந்ததைக் கொட்டினார். கட்டிலில் சுவர்ப்பக்கமாகவே படுத்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நம்பருக்குப் போன் போட்டார். 'நீங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று ஒருத்தி சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். மறுபடியும் போட்டார்."

விரல்கள் எப்போதோ நின்றுவிட்டிருந்தன. ஒரு பிள்ளையும் தூங்கவில்லை.

"மிஸ், எந்த வரி மிஸ்?" என்றான் வாயாடி. "கத்தரிக்கோலோட பத்தி முடிஞ்சு போச்சே!"

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். ஆமாம், முடிந்துதான் போயிருந்தது. அதற்குக் கீழே கேள்விகள் இருந்தன. இத்தனை வருடத்தில் ஒரு கமாவைக்கூடக் கூட்டி வாசித்தவள் இல்லை. வகுப்பே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் எழுந்தாள்.

"அதெல்லாம் பத்தியில இல்ல, மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் பையைக் கட்டிலில் வைத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். அவள் கதவோரம் நின்றாள்.

"போன் விஷயம் எனக்குத் தெரியும்மா" என்றாள் மகள், திரும்பாமலே. "குளியலறைல தண்ணி விழற சத்தமே வராது. செருப்பும் தெரியும். எல்லாம் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் அன்னிக்கு அத்தைகிட்ட அப்படிச் சொன்னே?"

"நான் போறேன்னு சொன்னதும் நீ பையை எடுத்துக் குடுத்தியே, அதுக்கு நான் என்னன்னு அர்த்தம் எழுதறது?" மகளின் குரல் உடைந்தது. "அப்பாவை உனக்குப் பிடிக்கும்னு நானா கண்டுபிடிச்சுக்கறேன். என்னையுமா நானே கண்டுபிடிச்சுக்கணும்? எல்லாத்தையும் ஊகிச்சுக்கிட்டே இருக்க நான் என்ன பரீட்சையா எழுதறேன்? வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்மா!"

சுரீர் என்றது அவளுக்கு. ஆனால் அதுவும் எங்கோ தள்ளி, வேறு யார் உடம்பிலோ சுட்டதுபோலத்தான் இருந்தது. அழுகை வரட்டும், அதோடு சேர்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் நடக்காது என்று தோன்றியது.

"போகாத" என்றாள். வகுப்பில் டிக்டேஷன் சொல்வது மாதிரி ஒரு வறட்டுக் குரல்.

மகள் கையில் சட்டையோடு திரும்பினாள். "என்ன?"

"நீ போகாத. நீ போயிட்டா என்னால இருக்க முடியாது."

மகள் அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றுமில்லை, கண் காய்ந்துதான் கிடந்தது. மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அத்தை, நாளைக்கு வராதீங்க. அம்மா போக வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"யாரு, உங்கம்மாவா? வாயைத் தொறந்து சொன்னாளா?" நாத்தனாரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நீயா ஏதாவது நினைச்சுக்காத கண்ணு."

"இல்ல அத்தை" என்றாள் மகள். "சொன்னாங்க. நான் கேட்டேன்."