நீந்தத் தெரிந்தவளுக்கு நீச்சல் வகுப்பு

1

இந்தக் கதைக்காக நான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தேன், தொலைபேசியில் வந்தது.

1999-இல் சின்னாளப்பட்டிக் கடைவீதியில் நான் ஐ.எஸ்.டி. பூத் வைத்திருந்தேன். ஞாயிறு சாயங்காலமானால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து பேச்சாயிக்கு அழைப்பு வரும். அவருடைய ஒரே மகள் இசைவாணியும் மருமகன் ஆனந்த்ராஜும் அங்கே இருந்தார்கள். மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த பேச்சாயி, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கடல் தாண்டிக் கேட்கும்படி கத்துவார். பாதிக் கதை எனக்கு அப்படியே கேட்டுவிடும். மறுபாதியை வெளியே வந்து, கொஞ்சம் கூட்டியே சொல்வார்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

‘இந்தியப் பெருங்கடலின் நீல அலைகள் டர்பன் நகரத்தின் பாதங்களை—’

(வேண்டாம். நான் பார்த்த பெரிய தண்ணீர் ஆத்தூர் அணைதான். எனக்கு எதற்குக் கடல்?)

‘அந்நிய மண்ணில், அடுக்குமாடியின் நான்காவது தளத்தில், இசைவாணி தனிமையில் வாடி—’

(வாடவில்லை. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ‘சன்னல தொடச்சுத் தொடச்சு கண்ணாடியே தேஞ்சு போச்சும்மா’ என்றாளாம்.)

சரி, நேராகவே சொல்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கு நீச்சல் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு இசைவாணி கணவனிடம் கேட்டாள். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “கடல் பக்கத்துல இருக்கோம், தெரிஞ்சுக்கறது நல்லதுதான். கத்துக்கிட்டதும் நிறுத்திரு.”

இதில் ஒரே ஒரு சிக்கல். இசைவாணிக்கு நீச்சல் நன்றாகவே தெரியும். தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகி, குடுக்கையை எப்போதோ தூக்கி எறிந்தவள்.*

* இது கணவனுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். பெண் பார்க்க வந்தபோது சமைப்பாயா, பாடுவாயா என்றார்கள். நீந்துவாயா என்று யாரும் கேட்கவில்லை.

3

ஆகவே அவள் வாரா வாரம் நேர்த்தியாக மூழ்க வேண்டியிருந்தது. முதல் நாளே மாட்டியிருப்பாள். பழக்கதோஷத்தில் காலை உந்திவிட்டாள். வட்டக் கிணற்றில் பழகிய உடம்புக்கு நேர்க்கோடு தெரியாது; நீச்சல்குளத்திலும் வட்டம் போட்டுப் போய்ப் பக்கத்து வரிசை அம்மாளின் வயிற்றில் முட்டியது. பயிற்சி கொடுப்பவள் பரிதாபப்பட்டு, ‘பயப்படாதே’ என்று கையில் மிதவைப் பலகையைக் கொடுத்தாள்.

வகுப்பு முடிந்ததும் எல்லாப் பெண்களும் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து, ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பு ஊற்றிய ஒன்றைச் சாப்பிடுவார்கள். “ரொட்டிக்குள்ளயா வெஞ்சனத்த ஊத்துவாக? தட்டுக்கு அம்புட்டுப் பஞ்சமா?” என்று பேச்சாயி கூண்டுக்குள் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. மகளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கடற்கரையும் அந்தச் சிரிப்பும்தான். வாரத்தில் அவள் தனக்கென்று வெளியே போனது அந்த ஒரு சாயங்காலம். நீச்சல் ‘வந்துவிட்டால்’ அதுவும் போய்விடும்.

(ஆனந்த்ராஜை வில்லனாக்க முயன்றேன். தடித்த மீசை கூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவன் மனைவிக்குச் சளி பிடித்தால் கஷாயம் போட்டுக் கொடுப்பவன். வெள்ளிக்கிழமை நண்பர்களோடு கறி சுடப் போவான், சனிக்கிழமை கிரிக்கெட். அதில் அவன் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை, ஆகவே நிறுத்த வேண்டிய அவசியமும் வரவில்லை.)

4

கெடுத்தது பேச்சாயிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் பேசினான். “இவளுக்கு இன்னும் மெதக்கவே வரல அத்தே” என்று சிரித்திருக்கிறான். பெற்ற வயிறு பொறுக்கவில்லை.

“யாருக்கு, எம் மகளுக்கா? மோட்டார் ரூம் மேல ஏறித் தலகீழா குதிப்பா மாப்ள! கெணத்துல விழுந்த கொடத்த முங்கி எடுத்துட்டு வந்தவ!”

மருமகனின் சிரிப்பு நின்றுபோனது பிறகுதான் அவருக்கு உறைத்தது. ‘அடுத்த வாரம் பேசறேன்’ என்று மருமகன் வைத்துவிட்டான்.

கூண்டைவிட்டு வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது. “அப்பு, நீ கத எழுதுறவன்ல? மாப்ளகிட்ட சொல்ல ஒரு பொய் குடு.”

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் வாசகி. உற்சாகமாக மூன்று முடிவுகள் கொடுத்தேன்.

குதித்தது வேறு மகள் என்று சொல்லுங்கள். (“எனக்கு ஒத்த மகதான்னு தெரிஞ்சுதான கட்டுனாரு?”)

சின்ன வயதில் தெரியும், இப்போது மறந்துவிட்டது. (“நீச்சலு மறக்குமாய்யா? நீ எந்த ஊருக்காரன்?”)

கிணற்றுத் தண்ணீர் வேறு, குளத்துத் தண்ணீர் வேறு. (இதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை.)

5

மறு ஞாயிறு மணி அடித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நான்காவதாக ஒரு முடிவை எழுதி வைத்திருந்தேன். பேச்சாயி அதை வாங்கக்கூட இல்லை. கூண்டுக்குள் போனவர் கதவைச் சாத்தாமல் பேசினார். கத்தவும் இல்லை.

“ஆமா மாப்ள, தெரியும். தெரிஞ்சேதான் போறா. எதுக்குப் பொய் சொல்லணும்? நீங்க கிரிக்கெட்டுக்குப் போறீகளே, அங்க என்ன இன்னும் கத்து முடியலயா? நாலு பேரோட சிரிச்சுப் பேசத்தான போறீக? அதுக்குத்தான் அவளும் போறா. இனி முங்குற மாதிரி நடிக்க வேணாம்னு எம் மககிட்ட சொல்லுங்க. வியாழக்கெழம போயிட்டு வரட்டும். என்ன சொல்றீக?”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். என் பொய் எதுவும் இங்கே செல்லாது என்று தெரிந்துவிட்டது. ஆனந்த்ராஜ் பதில் சொல்ல வாயைத் திறக்கிறான். அந்தப் பதிலை நீங்களே கொடுங்கள். ஆனால் கதைதானே என்று நல்லவராகிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒருத்தி ‘கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வருகிறேன்’ என்றபோது என்ன சொன்னீர்களோ, அதையே அவன் வாயில் வையுங்கள்.