இறங்கிய கோடு

ஆராய்ச்சிக்கு ஆள் பிடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. வருகிறேன் என்றவர்கள் எல்லாம் டிமிக்கி கொடுத்த கடுப்பில்தான் அவள் தம்பியைக் கூப்பிட்டாள். உடற்பயிற்சியின்போது மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் எப்படிப் போகின்றன என்று அளக்கும் ஆய்வுக்கூடத்தில் அவள் டெக்னீஷியன். நோய்நொடி இல்லாத ஓர் ஆள் தேவைப்பட்டது. பஸ் ஓட்டும் தம்பி கல்லு மாதிரி இருப்பான், மறுபேச்சில்லாமல் வந்தான்.

நெற்றியின் இரு பக்கமும் சென்சார் ஒட்டி, பட்டையை இறுக்கினாள்.

“மூளை இருந்தாத்தானேடா ரத்தம் போகும்?”

“அக்காவுக்கே இல்ல, தம்பிக்கு எங்கேருந்து வரும்?” என்று சிரித்துக்கொண்டே, நகராத அந்த சைக்கிளை மிதித்தான்.

மிதிக்க மிதிக்கத் திரையில் இரண்டு கோடுகளும் ஏற வேண்டும். வலது ஏறியது. இடது இறங்கியது. வியர்வையில் சென்சார் நழுவியிருக்கும் என்று துடைத்து ஒட்டினாள். மறுபடியும் அதே கதை. கடைசியில் இரண்டு சென்சார்களையும் இடம் மாற்றினாள். கோளாறு கருவியில் என்றால், இறக்கமும் கூடவே வலது பக்கம் போய்விடும். போய்த்தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். போகவில்லை, இறங்கியது இடது பக்கம்தான்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“இடது பக்கம் ரத்தம் சரியாப் போகலடா. கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கலாம்.”

அவன் மிதிப்பதை நிறுத்தினான். “பட்டை லூசா இருந்துச்சுன்னு எழுதிடு. இது வெளிய தெரிஞ்சா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. எனக்கு வேற என்ன வேலை தெரியும்?”

“ஓட்டிட்டு இருக்கும்போது மயக்கம் வந்தா? பஸ்ல இருக்கறவங்களை விடு, நீ இருக்கியேடா உள்ள!”

“நீ கூப்பிடலன்னா நிம்மதியா இருந்திருப்பேன். என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதக்கா.”

அவன் சொன்னபடியே எழுதிவிடலாமா என்று அவள் மனம் ஊசலாடியது நிஜம். அவன் முகத்தைப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, பார்க்காமலே கதவைத் திறந்து டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் வேலைக்குப் புதிது. அவன் அவளுடைய தம்பி என்று அவருக்குத் தெரியாது. கோடுகளைப் பார்த்தார், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“இன்னைக்கே ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. சொந்தக்காரங்க யாராவது கூட வந்திருக்காங்களா?”

அவள் அவன் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“எனக்கு யாரும் இல்ல சார்” என்றான்.