மெமரி கார்டின் மூன்றாவது ஷிஃப்ட்

நௌஷாதும் சேவியர்ராஜும் மைன்ஸில் ஒரே மெஷினை ஷிஃப்ட் மாற்றி ஓட்டுபவர்கள். கால்பந்து வீடியோ கேமையும் அப்படியேதான் ஆடினார்கள், கண்ணுகளா. இருவருடைய குவார்ட்டர்ஸ் வீட்டிலும் பழைய கேம் பெட்டி உண்டு. ஆட்டம் பதிவாகும் மெமரி கார்டு மட்டும் ஒன்றே ஒன்று. ஷிஃப்ட் மாறும்போது மெஷின் சாவியோடு அதுவும் கை மாறும்.

இறுதி ஆட்டம் மட்டும் பாக்கியிருந்த அன்று, ஷிஃப்ட் முடிந்து சாவியைக் கொடுத்த நௌஷாத் பையைக் கொட்டித் தேடினார். கார்டு இல்லை.

"ரெண்டு வருஷ ஆட்டம்டா பாவி!" என்றார் சேவியர்ராஜ்.

நௌஷாத் மனைவி ஷப்னத்துக்குப் போன் போட்டார்.

"பொட்டியிலயே சொருகிகினு இருக்குதுங்க."

"தொட்டுடாத!"

"தொட்டாச்சே. ஃபைனல் ஆடிட்டேன்."

சேவியர்ராஜ் போனைப் பிடுங்கினார். "என்னம்மா ஆச்சு?"

"மூணுக்கு ஒண்ணு, ஜெயிச்சிட்டோம்ணே. நீங்க ரெண்டு பேரும் பின்னால நிக்கவெச்சிருந்த ஆளை முன்னால அனுப்பினேன். அவன்தான் மூணு கோலும் போட்டான்."

"சேவ் பண்ணியா தாயி?"

"பண்ணாம இருப்பனா? ஆனா ஒண்ணு, அடுத்த சீசன்ல மூணாவது ஷிஃப்ட் என்னுது."



"பர்மனென்ட்டே பண்ணிடலாம்மா," என்று சிரித்தபடி சேவியர்ராஜ் மெஷினில் ஏறினார்.