பத்து மீட்டர் கேபிள்

வீட்டுல உக்காந்து பாட்காஸ்ட் பண்ண எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்னு எனக்கு இன்னும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. "கனிமொழி அக்கா, உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி"ன்னு ஐஸ் வேற. சொல்றேன். ஆனா அந்தப் பெட்டியைப் பத்தி மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்க என்னால முடியாது. அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியுது.

நானும் வானதியும் நீடாமங்கலம் பக்கத்துல ஒரே ஊரு. தஞ்சாவூர்ல ஒண்ணா இன்ஜினியரிங் படிச்சோம், ஒரே பஸ்ஸுல போய் வந்தோம். அவங்க அப்பா சிங்காரவேலுக்கு ஆத்துப் பாசனத்துல நல்ல நிலம். எங்க அப்பா காத்தான் அந்த நிலத்துல வேலை பார்க்கிறவரு. எங்க தெரு வாய்க்காலுக்கு அந்தாண்ட, ஊருக்கு வெளியில. அப்பா அவரை ஐயான்னு கூப்பிடுவாரு, நான் அங்கிள்னு கூப்பிடுவேன். அதையே பெரிய முன்னேற்றம்னு நம்பிக்கிட்டு இருந்தவதான் நான்.

'இருகரை'ன்னு ஒரு பாட்காஸ்ட் நிகழ்ச்சி ஆரம்பிச்சோம். பேரு வச்சது வானதி. மதகுக் கட்டையில உக்காந்து, நடுவுல ஒரு செல்போனை வச்சுக்கிட்டுப் பேசுவோம். தூர்வாராத வாய்க்கா, நடவுக்கு ஆள் கிடைக்காத கதை, வெளிநாட்டு மாப்பிள்ளை மோகம், எதையும் விடல. நான் திட்டுவேன், அவ சிரிப்பா. சும்மா சொல்லக் கூடாது, ஜனங்க நல்லாவே கேட்டாங்க. ஆனா காத்தடிச்சா புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம், பாதிப் பேச்சு போயிடும்.

கத்தார் நாட்டுல, தோகாவுல இருக்கிற அவ அண்ணன், "என்ன சாமான் வேணும்னு சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்"னு சொன்னாரு. தேர்ந்தெடுக்கிற வேலை என் தலையில. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினேன். இன்டர்ஃபேஸுங்கிறது ஒண்ணும் பெரிய மாயம் இல்ல. மைக்குல விழற குரலை கம்ப்யூட்டருக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்கிற சின்னப் பெட்டி. ஒரு மைக் செருகுற பெட்டியும் இருக்கு, ரெண்டு மைக் செருகுறதும் இருக்கு. சண்டையே அதுலதான் வந்துது.

"ஒண்ணு போதாதாடி? நடுவுல வச்சுப் பேசிக்கலாமே"ன்னா வானதி.

"போதாது. ஒரே மைக்குன்னா யாரு பக்கம் கிட்ட இருக்கோ அவங்க குரல்தான் நல்லா கேக்கும். ரெண்டுன்னா உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் சமமா கேப்போம்."

"சரி, உன் இஷ்டம்"னு சிரிச்சா. ரெண்டு மைக், ரெண்டு நாற்காலி, ஒரு மேசைன்னு நான் மனசுக்குள்ள படமே போட்டு வச்சிட்டேன். பேச வந்தவளா எனக்கு அவ பக்கத்துல ஒரு இடம் வேணும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அடுத்தது எங்க உக்காந்து பேசுறதுன்னு. எங்க வீடு தகரக் கூரை, அணில் ஓடினா இடி இடிக்கிற மாதிரி இருக்கும். அவங்க வீட்டுக் கூடம் பளிங்குத் தரை, பேசினா கிணத்துக்குள்ள பேசுற மாதிரி எதிரொலிக்கும். நான் போனைக் காதுல வச்சுக்கிட்டு, "ஒவ்வொரு அறையா போய் கை தட்டுடி, நான் கேக்குறேன்"னு சொன்னேன். அவளும் தட்டிக்கிட்டே போனா. மாடி அறை சரியில்ல, பூஜை அறை சரியில்ல. பின்கட்டுல நெல் மூட்டை அடுக்குற அறைக்குள்ள போய்த் தட்டினா பாருங்க, சத்தம் அப்படியே அடங்கிடுச்சு. ஒரு ஜன்னல் போக நாலு பக்கமும் மோட்டுக் கூரை வரைக்கும் சாக்கு மூட்டை. காசு குடுத்துக் கட்டினாலும் அப்படி ஒரு ஸ்டுடியோ அமையாது. "இதுதாண்டி, இதேதான்"னு குதிச்சேன்.

அவ உடனே பதில் சொல்லல. சிக்னல் போயிடுச்சு போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

மாசி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனேன். பார்சலைக் கூடத்துலயே பிரிச்சோம். நான் சொன்ன அதே பெட்டி, ரெண்டு மைக். அங்கிள் நல்ல மனுஷன் மாதிரிதான் பேசுவாரு. "வாம்மா, காப்பி சாப்பிடு"ன்னாரு. சாப்பிட்டேன். பெட்டியை ஒரு கையிலயும் நாற்காலியை ஒரு கையிலயும் எடுத்துக்கிட்டு பின்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"அம்மாடி, நீ அந்த அறைக்குள்ள வேணாம்மா. விதைநெல் இருக்கு. வெளியாளு உள்ள வந்து உக்காந்தா முளைப்பு போயிடும்னு எங்க வழக்கம். உன்னை மட்டும் சொல்றேன்னு நினைக்காத."

வானதியைப் பார்த்தேன். அவ பார்சலுக்குள்ள எதையோ தேடிக்கிட்டு இருந்தா.

என் வாய் சும்மா இருக்குமா? "அந்த மூட்டையெல்லாம் முதுகுல ஏத்திட்டு வந்து உள்ள அடுக்கினது எங்க அப்பாதானே அங்கிள்? அப்ப முளைப்பு போகலையா?"

அவருக்குக் கோவமே வரல. "அது வேலைம்மா"ன்னாரு.

அதுக்குள்ள வானதி தேடினதை எடுத்துட்டா. கறுப்பா, சுருட்டிக் கட்டின மைக் கேபிள். "பாருடி, பத்து மீட்டர். ஜன்னல் வழியா கொல்லைக்கு இழுத்துடலாம். நீ அங்க நிழல்ல உக்காந்து பேசு, நான் உள்ள இருந்து பேசுறேன். ஹெட்போன்ல கேட்டா பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கும்"னு சொன்னா. எனக்கு நல்லது பண்ணிட்ட சந்தோஷம் அவ முகத்துல. நான் எழுதிக் குடுத்த சாமான்ல அந்தக் கேபிள் கிடையாது. பெட்டியோட சேர்த்து அவளே அண்ணன்கிட்ட கேட்டு வரவழைச்சிருக்கா. அவங்க அப்பா என்ன சொல்லுவாருன்னு அவளுக்கு அப்பவே தெரியும். அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

எழுந்து போயிருக்கலாம். நிகழ்ச்சி என்னுதுங்கிற வீம்புல உக்காந்தேன். கோழிக்கூட்டுக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவுல எனக்கு நாற்காலி. காதுக்குள்ள வானதி சிரிக்கிறா, கண்ணெதிர்ல ஜன்னல் கம்பியும் ஒரு கேபிளும்தான் தெரியுது. கூலியைப் பத்தி ஏதோ பேசினோம். என்ன பேசினேன்னு எனக்கே நினைப்பில்ல.

அந்தப் பேச்சை வெளியில விட்டதும் பாராட்டு குவிஞ்சுது. வானதி குரல் ரேடியோ மாதிரி இருக்காம். நான் பேசறப்ப பின்னாடி கோழி கத்துறதும் காத்து அடிக்கிறதும் அவ்வளவு இயல்பா இருக்காம். 'கனிமொழி பேசினா மண்வாசனை வருது'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அங்க என்ன வாசனை வந்துதுன்னு எனக்கில்ல தெரியும்.

வானதிக்குத் தலைகால் புரியல. "பாத்தியா, நீ கொல்லையில உக்காந்ததே நல்லதாப் போச்சு. இனிமே இதையே வச்சுக்கலாம்டி"ன்னா.

மறு ஞாயிறும் போனேன். கேபிளை ஜன்னல்ல மாட்டிக்கிட்டு இருந்தா. நான் உக்காரல.

"வானதி, உன் மைக்கையும் வெளிய எடுத்துட்டு வா. ரெண்டு பேரும் இங்கயே உக்காந்து பேசுவோம். அதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கே."

நான் கிண்டல் பண்றேன்னு நினைச்சு சிரிச்சா. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. கோழிக்கூட்டைப் பார்த்தா, கல்லைப் பார்த்தா, கீழே கிடந்த எச்சத்தைப் பார்த்தா.

"இங்கயா? நான் எப்படிடி இங்க உக்கார முடியும்?"

நிஜமாவே புரியாமத்தான் கேட்டா. என்னைக் குத்திக் காட்டணும்னு கேட்டிருந்தாலாவது நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். ஹெட்போனை அவ கையில குடுத்துட்டு வந்துட்டேன்.

'இருகரை' இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. வானதி தனியா பேசுறா. போன வாரம் மனசு கேக்காம நானும் போட்டுக் கேட்டேன். அவ பேச்சுக்கு நடுவுல ரொம்பத் தெளிவா கோழி கத்துது. என் மைக்கை அவ இன்னும் கொல்லையிலதான் வச்சிருக்கா.