கத்திரியை வென்ற கலயங்கள்

சித்திரைத் திங்கள் இருபத்தொன்றாம் நாள் கத்திரி பிறந்து, அண்ணாமலையின் பாறைகள் அடுப்பேற்றிய ஓடென்னக் கனன்று, நாற்புறமும் கோபுரம் ஓங்கிய திருநகரின் வீதிகள் ஆளரவம் அடங்கி, மலையை வலம்வரும் அடியவர் தார்ச்சூடு பொறாமல் சாலையோர வெள்ளைக் கோட்டைத் தேடித்தேடி அடிவைத்து நடந்த அவ்வுச்சி வேளையில், மேற்றிசை அடி அண்ணாமலையில் ஒரு பெண் மட்டும் வெயிலை முறைத்துக்கொண்டு நின்றாள். படிக்கும் பெரியீர், முறைப்பதால் வெயில் குறையாதென்பதை நீவிர் அறிவீர். அவளும் அறிவாள், ஆயினும் முறைத்தாள்.

அவள் பெயர் சந்திரகலா. தந்தை சீராக ஈந்த அரைக்காணி நிலத்தில், ஐப்பசி மழையில் அவள் தன் கையால் நட்ட நாற்பது எலுமிச்சைக் கன்றுகள் இலை சுருண்டு வாடி நின்றன. கிணறோ விடியலில் பத்துக் குடம் நீர் தந்து, பின் நாள் முழுதும் வாய் மூடிக்கொள்ளும். நகரில் ஆட்டோத் தானி ஓட்டும் அவள் கணவன் அப்பாதுரை, விடுதி கட்ட நிலம் கேட்டு வந்தவரிடம் ஏறக்குறையத் தலையசைத்துவிட்டான். அவள் கையெழுத்து ஒன்றே குறை.

"இத பாரு சந்திரா, எத்தினி நாளு நீ வெயில்ல வேவ? கத்திரி முடியற அன்னிக்கு முப்பது செடி உசுரோட நின்னா நிலம் உன்னுது, நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா கையெழுத்து போட்டுடணும்."

"சரி. அப்பறம் பேச்சு மாறிடாதீங்க."

அன்று மாலை அவள் அடி அண்ணாமலைக் கோயிலுக்குச் சென்றாள். கத்திரி நாள்களில் இறைவன் திருமேனி குளிரும்பொருட்டு, அடியில் துளையிட்ட செம்பொன்றை மேலே தொங்கவிட்டு, நாள் முழுதும் துளித்துளியாய் நீர் சொட்டச் செய்வது அங்கு வழக்கம். கைகூப்பிக் கண்மூடித் தொழுதவளின் காதில் அத்துளியோசை விழ, நெஞ்சில் ஓர் எண்ணம் பளிச்சிட்டது. மறுநாளே வீடுவீடாய்ச் சென்று நாற்பது பழைய மண்கலயங்களைத் திரட்டி, ஆணியால் துளையிட்டு, கன்றுக்கு ஒன்றாக, முக்காலிபோல் நாட்டிய கொம்புகளில் கட்டித் தொங்கவிட்டு, குடத்து நீரைப் பகிர்ந்து ஊற்றினாள். அரைமணிப் பொழுதில் அத்தனையும் ஒழுகித் தீர்ந்தன.

ஆழ்துளைக் கிணறு வைத்திருந்த பக்கத்து நிலத்து மணிவேல் வரப்பில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தான். "இன்னாக்கா, செடிக்கெல்லாம் தாராபிஷேகமா? அப்டியே பொங்கலும் வெச்சுடு, பிரசாதம் வாங்கிக்கறேன்!"

நான்காம் நாள் ஐந்து கன்றுகள் பட்டுப்போயின. சந்திரகலா அழுதாள், அழுது முடித்தபின் அவளுக்குச் சினம் வந்தது. நேரே கோயிலுக்கு நடந்தாள். எல்லோரும் கண்மூடித் தொழும் அவ்விடத்தில் இம்முறை கண்ணை அகலத் திறந்து, அண்ணாந்து செம்பையே நோக்கி நின்றாள்.

"என்னம்மா, சாமிய பாக்காம செம்பையே பாக்கற?" என்றார் பூசகர்.

"அந்த ஓட்டையில என்னமோ சொருகி இருக்குதே, அது இன்னா சாமி?"

"தர்ப்பைம்மா. அது இல்லன்னா மொத்தத் தண்ணியும் கடகடன்னு எறங்கிடும்."

அவள் வீட்டுக்கு ஓடினாள். ஓடினாள் என்பது மிகையன்று; முறத்தில் காய்ந்த மிளகாயை அள்ளவும் நில்லாது, பெட்டியிலிருந்த பழம்புடவையை எடுத்து நாற்பது கீற்றாய்க் கிழித்து, இறுகத் திரித்துத் துளைகளில் செருகினாள். காலையில் ஊற்றிய நீர் மாலைவரை சொட்டியது. சொட்டிய இடத்தில் சருகு பரப்பினாள். அன்றுமுதல் ஞாயிறு எழுமுன் எழுந்து, பத்துக் குடத்தை நாற்பது கலயங்களுக்குப் பங்கிட்டு, பட்டுப்போன ஐந்தின் பங்கையும், மீண்டும் துளிர்க்கக்கூடுமென்று பிடிவாதமாய் அவற்றுக்கே ஊற்றி வந்தாள். அனல்காற்று வீசியது; மலைப்புல் கருகியது; மணிவேலின் ஆழ்துளைக் கிணறும் ஒருநாள் வெறுங்காற்றைக் கக்கி ஓய்ந்தது. கலயங்கள் மட்டும் ஓயவில்லை.

கத்திரி முடிந்த நாளன்று அப்பாதுரை வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கன்றாய்த் தொட்டு எண்ணினான். முப்பத்தைந்து. நம்பாமல் மறுமுனையிலிருந்து எண்ணினான், முப்பத்தைந்தே. அவற்றுள் பலவற்றில் இளந்தளிர் விட்டிருந்தது. அவன் கைபேசியை எடுத்தான்.

"சார், அப்பாதுரை பேசறேன். நிலம் குடுக்கறதா இல்லீங்க. அங்க எங்க ஊட்டம்மா வெச்ச எலுமிச்சை நிக்குது சார். கத்திரியத் தாண்டி நிக்குது!"

அக்குரலில் இருந்த செருக்கைக் கேட்டுச் சந்திரகலா பூரித்துப் போனாள். அப்போது வரப்பில் தயங்கி நின்ற மணிவேல், "அக்கா, அந்தத் துணிய எப்டித் திரிக்கறன்னு கொஞ்சம் காட்டேன்" என்றான்.

"காட்டறேன் வா. பொங்கல் வெச்சிருக்கேன், மொதல்ல பிரசாதம் வாங்கிக்க!" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்; ஏனம் நிறையப் பொங்கல் உண்மையிலேயே இருந்தது.

கோயிலில் அன்றே செம்பை இறக்கினர். அவள் கலயங்களை இறக்கவில்லை. மறுநாள் விடியலில் கிணற்றுக் கயிறு அப்பாதுரையின் கையில் இருந்தது. வானம் ஒரு துளியும் தாராத அக்கோடையில், வெயிலைப் புறங்கண்ட பெருமை நாற்பது மண்கலயங்களுக்கும், ஒரு பழம்புடவைக்கும், கண்திறந்து நோக்கிய ஒருத்திக்கும் உரியதாயிற்று.