நோயற்ற முதியோர் தேவை

சாக்கோட்டையில் அன்று காலை கூடிய கூட்டத்துக்கு முழுப் பொறுப்பும் நான்தான். அது கலைந்த லட்சணத்துக்கும் நானேதான் பொறுப்பு, அதில் யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை.

தொண்ணூற்றேழாம் வருசம். காரைக்குடியில் அரசாங்கக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு நான் ஏஜென்ட். ஏழை எளியவர்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடு அப்போதுதான் வந்திருந்தது. வருசத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டிவிட்டால், ஆஸ்பத்திரியில் படுக்கிற செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வயசானவர்களும் சேரலாம், ஆனால் எழுபதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஏற்கனவே இருக்கிற நோய்க்குச் சல்லிக்காசு கிடையாது. அதாவது, தெம்பான கிழவர்களாகப் பார்த்துச் சர்க்கார் தேடிய முதல் திட்டம் அது.

முகாம் போட்டு ஆள் சேர்க்கச் சொன்னார் மேனேஜர் மெய்யநாதன். முதல் நாளே ஆட்டோவில் மைக் செட் கட்டிக்கொண்டு கிளம்பினேன். என்ன பேசுவதென்று உட்கார்ந்து எழுத எனக்குச் சோம்பல். அதே ஆட்டோதான் போன மாசம் முதியோர் உதவித்தொகை முகாமுக்கும் சுற்றியிருந்தது. அந்த அறிவிப்புத் தாள் சீட்டுக்கடியில் மடித்துக் கிடந்தது. எடுத்து அப்படியே வாசித்தேன், கடைசி வரியை மட்டும் மாற்றி. "ஆதரவற்ற, நோய்வாய்ப்பட்ட, அறுபத்தைந்து வயதைக் கடந்த முதியோர்களே" என்று சாக்கோட்டை, புதுவயல் எங்கும் முழங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வாசகம் வாசித்துப் பழகிய குரல். அரிசி மில் லாரிக்காரர்கள்கூட நிறுத்திக் கேட்டார்கள்.

கூப்பிட்டபடியே வந்தார்கள். ஒருத்தர் விடாமல்.

கஞ்சி போட்ட சட்டையோடு வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் மேனேஜர். முதலில் வந்த நீலாயதாட்சி அம்மாள் தன் வயசு எண்பத்திரண்டு என்றார். அவருக்கு அடுத்து நின்றது கூடப்பிறந்த அக்கா சாலா. அக்காவுக்கு எழுபத்தாறு. இது எப்படி என்று நான் பதமாகத்தான் கேட்டேன். நீலாயதாட்சி அம்மாள் அசரவில்லை.

"அக்கா சின்னப்புள்ளையில இருந்தே கணக்குல வீக்கு, தம்பி."

வரிசை நகர நகர வயசு ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, மூச்சிரைப்பு என்று எல்லோருக்கும் எல்லாமும் இருந்தன. ஒன்றுமே இல்லாத பாவப்பட்டவர்கள், முன்னால் நின்றவரின் நோயைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் மட்டும் யாருக்கும் இல்லை. ஒரு பெரியவரை மகனே டிவிஎஸ் ஃபிப்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தான். அது யார் என்று கேட்டதற்கு, போகிற வழியில் ஏற்றிவிட்ட யாரோ நல்ல மனுசன் என்றார். முகச்சாடை வேறு மாதிரி சொல்லியது.

மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"ஃபெலிக்ஸ், சேக்கவே கூடாதுன்னு கம்பெனி சொன்ன அத்தனை பேரையும் ஒரே எடத்துல கொண்டாந்து நிப்பாட்டிருக்கீக. நானா தேடிப் போயிருந்தா எனக்கு இப்படிக் கெடைக்காது."

வீடு வீடாகப் போய் உண்மையான வயசையும் நோயையும் கேட்டு, தகுதியுள்ளவர்களைச் சேர்த்துவிட்டு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சர்க்காரிடம் ஒரு பொங்கல் சேலை வாங்கவேண்டும் என்றால் கிழவியாக இருக்கவேண்டும். உதவித்தொகை வாங்க, கிழவியாகவும் அநாதையாகவும் இருக்கவேண்டும். கூட நாலு நோய் இருந்தால் மனு வேகமாக நகரும் என்று எழுதிக்கொடுக்கிறவர் சொல்லிவைத்திருப்பார். ஆயுசு முழுக்க அப்படிப் படித்த பாடத்தை, ஒரு ஏஜென்ட் ஆட்டோவில் வந்து தலைகீழாக்கினால் யார் நம்புவார்கள்? அதிலும் தலைகீழாக்க வந்தவனே பழைய பாடத்தைத்தான் வாசித்திருக்கிறான்.

வீட்டில் பெல்சிக்கு விசயம் எட்டிவிட்டது. என் மனைவி அதிகம் பேசமாட்டாள், பேசினால் தழும்பு விழும். "ஊர்ல இருக்கிற பொம்பளைகளுக்கெல்லாம் வயசக் கொறச்சுவிடுறீகளாமே," என்றாள், குழம்பு ஊற்றிக்கொண்டே. "வீட்ல இருக்கிறவ மட்டும் என்ன பாவம் பண்ணுனா?"

மறுநாள் தெருவில் இறங்கினால், உதவித்தொகையை வெட்ட வந்த ஆள் என்று எனக்கு முன்னாலேயே பேர் போய்விட்டிருந்தது. நான் நுழையும் தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. அப்படித்தான் ஆண்டியப்ப ஆசாரி வீட்டுக்கும் போனேன். முகாமில் எழுபத்தைந்து வயசு, மகன்கள் இல்லை, சர்க்கரை, பிரஷர் என்று எழுதவைத்தவர். வாசலில் அவர் மனைவி சீதாலட்சுமி அம்மாள் நின்றார்கள்.

அவுக இல்லை என்றார்கள். கொட்டகைக்குள் உளி வெட்டும் சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்றேன்.

"காத்து," என்றார்கள்.

காத்து உளியைக் கீழே வைத்துவிட்டு, இருமிக்கொண்டு வெளியே வந்தது. ஒல்லியான, நெட்டையான மனுசன். வேட்டிக்கு மேல் ஒரு துண்டை அடிவயிற்றில் இறுக்கிச் சுற்றியிருந்தார். இருமும்போது ஒரு கை தானாகப் போய் அந்தத் துண்டை அமுக்கிக்கொண்டது. உட்காரும்போது ஒருக்களித்து, முட்டை மேல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். வந்த டீயில் மறுபடி இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினார். சர்க்கரை இருக்கிறதென்று சொன்னீர்களே என்றதற்கு, அது முகாமுக்குச் சொன்னது என்றார்.

நான் பேச்சு கொடுத்துக்கொண்டிருக்கையில், சுவரில் மாட்டியிருந்த, கோயம்புத்தூர் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த படத்தைச் சீதாலட்சுமி அம்மாள் மெள்ளக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதில் தடித்தடியாய் இரண்டு பேர் பேன்ட் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ போகிற வழியில் ஏற்றிவிட்ட நல்ல மனுசர்களாக இருக்கும்.

"உங்க வயசு என்னங்கய்யா?"

"சர்க்கார் போட்ட வயசா, ஆத்தா போட்ட வயசா?"

"ஆத்தா போட்டதே சொல்லுங்க."

"ஆத்தா செத்துப்போச்சு, தம்பி. சர்க்காருதான் உசுரோட இருக்கு."

இதற்கு மேல் என்ன கேட்பது? வந்த வழியே கிளம்பினேன். தெருமுனைவரை சீதாலட்சுமி அம்மாள் பின்னாலேயே வந்தார்கள். புருசன் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் நின்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கண்டரமாணிக்கத்தில் ஒரு புது வீட்டுக்கு வாசல் நிலை வைக்கிறார்களாம். இவர் செய்த நிலை, வேங்கை மரம். எத்தனை பேர் தூக்கினாலும், பெரிய ஆசாரிதான் முதலில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தவேண்டும், அதுதான் முறை. ஆனால் கொஞ்ச நாளாக ஒரு வாளித் தண்ணியைத் தூக்கினாலே இவர் முகம் சுண்டிப்போகிறது. சில நேரம் சுருண்டு படுத்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். என்ன செய்கிறது என்று கேட்டால், ஆசாரி உடம்பு தேக்கு என்கிறார்.

"முகாம்ல ஊர்ல உள்ள சீக்கெல்லாம் சொன்னாக. அவுகளுக்கு இருக்கிற சீக்க மட்டும் சொல்லல," என்றார்கள். "இந்தக் காப்பீட்டுல சேத்துவிட்டுட்டா, ஆபரேசன் பண்ணிருவாகல்ல தம்பி?"

பார்க்கிறேன் அம்மா என்றேன். நான் பார்ப்பதாகச் சொன்ன காரியங்களில் பார்த்தவை குறைவு.

அந்த வாரமே இன்னொரு அதிசயம் நடந்தது. இந்தத் திட்டத்துக்கு இளமையும் ஆரோக்கியமும்தான் வேண்டும் என்பது எப்படியோ ஊருக்குள் தெரிந்துபோனது. சாத்திய கதவெல்லாம் திறந்தன. என்னைக் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். மூச்சிரைப்புக்காரர்கள் எனக்கு முன்னால் நடந்து காட்டினார்கள். நீலாயதாட்சி அம்மாள் ஐம்பத்தெட்டு வயசுக்கு இறங்கி, அக்காவுக்குப் பேத்தி முறை ஆகாத குறை. எனக்குத் தெரிந்து ஒரே வாரத்தில் இத்தனை பேரை யாரும் குணப்படுத்தியதில்லை. மலையாறு மாதா கோயில் பாதிரியார் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

இதில் எதை எழுதுவது? பாதிப் பேரிடம் ஜாதகம் கேட்டேன், பாதிப் பேரிடம் ஞானஸ்நானச் சான்று கேட்டேன். கேட்டதும் மோர் நின்றுபோனது.

வியாழக்கிழமை மறுபடி ஆண்டியப்ப ஆசாரி வீட்டுக்குப் போனேன். அவரும் தயாராகத்தான் இருந்தார். நான் உட்காரும் முன்னால் ஆரம்பித்தார்.

"எழுதிக்கங்க. நோய் நொடி ஒண்ணுமில்ல. வயசு எம்புட்டு இருந்தாத் தேவலையோ அம்புட்டுப் போட்டுக்கங்க."

கொட்டகைக்குள் நிலை தயாராகப் படுத்திருந்தது. அதன் தலைமாட்டில் மஞ்சள் துணி மடித்து வைத்திருந்தது. அங்கிட்டு வாசற்படியில் சீதாலட்சுமி அம்மாள் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோய் எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்தம்மா முகம் தெளியும். மேனேஜர் என்னை மறுபடி ஜீப்பில் ஏற்றுவார். பிறகு ஒரு நாள் இந்த மனுசனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தபின், இது பழைய நோய் என்று கம்பெனி கைவிரிக்கும்போது, நான் வேறு ஊரில் ஆட்டோவில் முழங்கிக்கொண்டிருப்பேன். குரல் நல்ல குரல்.

படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"ஐயா, இது உங்களுக்கு வேண்டாம். சேராதீக," என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முகாம் போட்டுக் கூப்பிட்டு, வீடு தேடி வந்து, சேராதே என்று சொல்லுகிற ஆளை அவர் அதுவரை கண்டதில்லை போல. என் மேனேஜரும் கண்டதில்லை.

விவரமாகச் சொன்னேன். இருக்கிற நோய்க்குக் கம்பெனி கொடுக்காது, கட்டுகிற காசு தண்டம். ஆனால் காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியில் பார்க்க இந்தக் காப்பீடே தேவையில்லை. அங்கே எத்தனை வயசு என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள், மகன் இருக்கிறானா என்று கேட்கமாட்டார்கள். உதவித்தொகைக்கும் அறுபத்தைந்து இருந்தால் போதும், எழுபத்தைந்து ஆகவேண்டிய அவசியம் இல்லை. மகன்கள் விசயத்தில் சர்க்கார் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். டாக்டர் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். அதை அவரிடம் சொல்லத் தயங்கினால் என்னிடம் சொல்லட்டும், நான் கூட வந்து நின்று சொல்கிறேன். இப்போதே வந்தாலும் சரி. நாளைக்கு அந்த வேங்கையைத் தூக்கினபின் வருவதாக இருந்தால், நான் வந்து பிரயோசனம் இருக்குமா என்று தெரியவில்லை.

"கம்பெனிக்காகக் கேக்கலங்கய்யா. உங்களுக்கு என்ன செய்யுது?"

யார் எழுதிக்கொள்வார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன். மனைவியைப் பார்த்து, போய் டீ போடு என்றார். அந்தம்மா போகவில்லை. அவர் எழுந்து போய், நிலையின் மேல் உள்ளங்கையை வைத்து, தன் வேலையைத் தானே சரிபார்க்கிற மாதிரி ஒரு தரம் நீளத் தடவினார். பிறகு அடிவயிற்றில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கொடலு எறங்கிருக்கு, தம்பி. ரொம்ப நாளாச்சு. நாளைக்கு இந்த நிலைய என்னால தூக்க ஏலாது. வயசு அறுபத்தெட்டு. மகன் ரெண்டு பேரு இருக்கானுக."